கூதிரின் கடைசி நெருப்பு: திருவண்ணாமலை விளக்கீடும் நச்சினார்க்கினியர் உரையும்

தொல்காப்பியப் புறத்திணையியலில் பாடாண் திணையின் துறைகளை அடுக்கும் நூற்பா ஒன்றில், வேலை நோக்கிய விளக்குநிலை என்று ஒரு துறை வருகிறது. என்ன விளக்கு, யார் ஏற்றியது, எந்த நாளில், எந்த இடத்தில் என்று நூற்பா எதுவும் சொல்வதில்லை. 14ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் நச்சினார்க்கினியர் அதற்கு உரை எழுதும்போது, அது கார்த்திகைத் திங்களில் கார்த்திகை நாளில் ஏற்றிய விளக்கு என்கிறார். அதன் சுடர் எப்பக்கம் பரவுகிறது, எப்படிக் கொழுந்துவிட்டு எழுகிறது என்று பார்த்து அறிந்தவர்கள் வேந்தனுக்கு ஆக்கம் சொல்வார்கள் என்றும் சேர்க்கிறார். திருவண்ணாமலைத் தீபத்தைப் பற்றிய மலர்க் கட்டுரைகளும் மேடைப் பேச்சுகளும் இந்த உரையைப் பிடித்துக்கொண்டு, தீபத்திருவிழா தொல்காப்பியத்திலேயே இருக்கிறது என்று ஒரே தாவாகத் தாவிவிடுகின்றன.

நச்சினார்க்கினியர் சொன்ன பொருள் அந்த நூற்பாவுக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆனால் அதற்காக அவர் உரையை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தொல்காப்பியர் காலத்துக்குச் சாட்சியாகாத அந்த உரை, நச்சினார்க்கினியர் காலத்துக்கு நல்ல சாட்சி. தெருவில் வரிசை வரிசையாக எரிந்த விளக்கு எப்போது ஒற்றை நெருப்பாகி மலையேறியது என்று கேட்பவருக்கு அவர் பிழையாகச் சொன்ன இடமே வழிகாட்டுகிறது.

முதலில் பருவத்தைப் பார்ப்போம். உரையாசிரியர்கள் வகுத்தபடி ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்; மார்கழியும் தையும் முன்பனி; மாசியும் பங்குனியும் பின்பனி. குளிரை மூன்றாகப் பிரித்த தமிழ், வானிலிருந்து விழும் வெண்பனிக்கென்று தனிச்சொல் வைத்துக்கொள்ளவில்லை. புல்நுனியில் நிற்பதும் பனி, மலையை மூடுவதும் பனி, இமயத்தில் உறைந்து கிடப்பதும் பனி. திருவண்ணாமலைக்காரருக்கு இவற்றில் முதல் இரண்டு மட்டும் தெரியும். நவம்பர் நடுவில் தொடங்கி டிசம்பர் நடுவுக்குள் வரும் தீபநாள் கூதிர் முடிந்து முன்பனி தொடங்கும் வாசலில் நிற்கிறது. மழை இன்னும் முழுக்க விட்டிராது. சில ஆண்டுகளில் ஊர் நனைந்துகொண்டே மலையை அண்ணாந்து பார்க்கும்.

இந்த வாசலைச் சரியாகக் காட்டுவது அகநானூற்றின் 141ஆம் பாட்டு. நக்கீரர் பாடியது. உழவு ஓய்ந்து கலப்பை உறங்குகிறது. மழை நீங்கிய வானத்தில் முயற்கறையோடு நிறைமதி அறுமீனைச் சேர்கிறது. அந்த நள்ளிரவில் தெருவெல்லாம் விளக்கேற்றி, மாலை தொங்கவிட்டு, பலரும் கூடி விழாக் கொண்டாடுகிறார்கள். பிரிந்துபோன தலைவன் அந்த விழாவில் கலந்துகொள்ளத் திரும்பி வரட்டும் என்பது பாட்டின் ஏக்கம். வேலை இல்லாத நாட்களின் விழா என்பது இங்கே வெளிப்படையாகவே இருக்கிறது. குளிர்கால விடுமுறை என்று இன்று நாம் சொல்வதற்குத் தமிழில் இதைவிடப் பழைய சித்திரம் எனக்குத் தெரிந்து இல்லை. கோயிலோ தெய்வத்தின் பெயரோ அந்த விழாக் காட்சியில் வருவதில்லை, மலையும் இல்லை.

இனி நச்சினார்க்கினியரிடம் வருவோம். அவரோடு வழக்காடுவதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சுடரைப் பார்த்து நிமித்தம் சொல்லும் வழக்கம் அவர் கற்பனை அன்று. அவருக்குச் சில நூற்றாண்டுகள் முந்திய ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையிலும் விளக்குநிலை என்ற துறை இருக்கிறது. காற்று அலைத்தாலும் வலமாகச் சுழன்று ஓங்கும் சுடர் வேந்தனின் வெற்றியைக் காட்டுகிறது என்பதே அங்கே பொருள். ஆக, நிமித்தம் பழையது. ஆனால் ஐயனாரிதனாரிடம் கார்த்திகை இல்லை. தொல்காப்பியத்துக்கு முதல் உரைகாரரான இளம்பூரணரும் இவ்விடத்தில் கார்த்திகையை அழைத்து வரவில்லை. இருவரிடமும் இருப்பது அரசனின் விளக்கு. அரண்மனையிலோ பாசறையிலோ எரிந்திருக்கக்கூடிய விளக்கு. அந்த விளக்குக்கு மாதமும் நாளும் குறித்துக் கொடுத்தவர் நச்சினார்க்கினியர்.

ஏன் குறித்தார்? அவர் இயல்பு அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. ஒரு சிறு குறிப்பிலிருந்து பெரிய முடிவுக்குப் போகும் துணிச்சல் அவருடையது. நெடுநல்வாடையை நினைத்துப் பாருங்கள். 188 அடிகள் கொண்ட அந்தப் பாட்டில் எங்கோ ஓரிடத்தில் வேப்பந்தழை கட்டிய வேல் ஒன்று வருகிறது. வேம்பு பாண்டியனின் அடையாளம். தலைவன் இன்னான் என்று தெரிந்துவிட்டது. ஆகவே பாட்டு அகமாகாது, புறம் என்று தீர்ப்பு எழுதிவிட்டார். அன்று தொடங்கிய வழக்கு இன்னும் தீரவில்லை. ஒரு வேலைக் கண்டு பாட்டின் திணையையே மாற்றியவர், இன்னொரு வேலைக் கண்டு ஒரு திருநாளையே வருவித்திருக்கிறார். கிண்டலுக்காக இதைச் சொல்லவில்லை. அவருடைய முறை, தான் அறிந்த உலகத்தைச் சான்றாக்கி மூலத்தை நிரப்புவது. அப்படி நிரப்பிய இடங்களில் மூலத்தைவிட அவர் உலகமே நன்றாகத் தெரிகிறது.

அவருக்காக ஒருவர் இப்படி வாதாடலாம்: பழைய மரபு ஒன்று வாய்வழியாக வந்து அவரிடம் சேர்ந்திருக்கலாமே, இளம்பூரணர் சொல்லாததனால் அது இல்லாமல் போகுமா? போகாதுதான். ஆனால் அந்த மரபு சங்கப் பாட்டுகளில் உள்ள விழாவோடாவது ஒத்துவர வேண்டும். ஒத்துவரவில்லை என்பதே என் முதன்மையான மறுப்பு. நக்கீரர் காட்டுவது பல விளக்கு. தெரு நெடுக விளக்கு. அதில் எந்தச் சுடர் எப்பக்கம் சாய்கிறது என்று எவரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது; நூறு அகல்கள் நூறு பக்கம் சாயும். நிமித்தம் பார்க்க வேண்டுமானால் சுடர் ஒன்றாக இருக்க வேண்டும். பெரிதாக இருக்க வேண்டும். காற்றுக்குத் திறந்த இடத்தில் இருக்க வேண்டும். பலர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். நச்சினார்க்கினியர் விளக்கு என்று ஒருமையில் சொல்வதைத் தமிழ் வழக்குப்படி பன்மைக்கும் கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் கீழே, மேலே, வலம், இடம் என்று அவர் சுடரின் நான்கு பக்கத்தையும் எண்ணிச் சொல்லும்போது கண்முன் நிற்பது ஒரே சுடர். தெருவிளக்கின் விழாவை ஒற்றைச்சுடரின் விழாவாக அவர் படித்துவிட்டார். அவர் காலத்துக் கார்த்திகையில் மக்கள் அண்ணாந்து பார்த்த ஒரு பெருஞ்சுடர் இருந்திருந்தால் மட்டுமே இப்படிப் படிக்கத் தோன்றும்.

அந்தச் சுடர் எங்கே எரிந்தது? இங்கிருந்து சான்று மெலிகிறது. அதனால் சற்று மெதுவாக நடக்க வேண்டும்.

சங்கப் பாட்டுகளில் விளக்கும் மலையும் சேர்ந்து வரும் இடங்கள் உண்டு. அகநானூறு 185இல் உயர்ந்த மலையில் இலையின்றிப் பூத்த இலவ மரங்கள் பெருவிழாவின் விளக்குகளைப் போலத் தோன்றுகின்றன. நற்றிணை 202இல் கோங்கம் பூத்த காடு கார்த்திகை விளக்கு வரிசைபோல இருக்கிறது. மலைவிளக்குக்குச் சான்றாக இவற்றைக் காட்டுவோர் உவமையின் திசையைக் கவனிப்பதில்லை. மலையில் இருப்பது மரம். விளக்கு இருப்பது புலவரின் நினைவில், ஊர்த்தெருவில். தெருவில் கண்ட விளக்கைக் கொண்டு மலையில் கண்ட பூவைச் சொல்கிறார்கள். மலை பொருளின் பக்கம் நிற்கிறது. விளக்கு உவமையின் பக்கம் நிற்கிறது. இரண்டும் ஒரே பக்கத்தில் சேரவில்லை.

களவழி நாற்பதில் பொய்கையார், போர்க்களத்தில் கொட்டும் குருதியைக் கார்த்திகைச் சாற்றின் விளக்குக்கு ஒப்பிடுகிறார். சாறு என்றால் விழா. அங்கே அவர் விளக்கைக் கழிவிளக்கு என்கிறார். கழி என்பது மிகுதியைக் குறிக்கும் உரிச்சொல் என்று நன்னூல் சொல்லும். பலவாகிய விளக்கு என்று பொருள் கொள்வதே நேர்வழி. கழி என்றால் கோல் என்றும் பொருளுண்டே, கோலில் தூக்கிய விளக்காக இருக்குமோ என்று நானும் சில காலம் ஆசைப்பட்டுப் பார்த்தேன். உயரத்தில் ஏற்றும் விளக்குக்கு ஒரு முன்னோடி கிடைத்துவிடும் அல்லவா. ஆனால் குருதி பல இடங்களில் சிதறி மின்னுவதுதான் அந்த உவமையின் உயிர். அதற்குப் பல விளக்கு போதும், கோல் வேண்டாம். அந்த ஆசையை விட்டுவிட்டேன்.

திருப்பம் வருவது சீவக சிந்தாமணியில். 10ஆம் நூற்றாண்டு அளவில் வைக்கப்படும் இக்காப்பியத்தில் திருத்தக்கதேவர், குன்றிற் கார்த்திகை விளக்கு என்று உவமை சொல்கிறார். இங்கே குன்று உவமையின் பக்கம் வந்துவிட்டது. குன்றைப் பார்த்து விளக்கை நினைக்கவில்லை. குன்றில் எரியும் விளக்கை நினைத்து வேறொன்றைச் சொல்கிறார். உவமை என்பது கேட்பவருக்கு முன்பே தெரிந்ததாக இருக்க வேண்டும். ஆகவே கார்த்திகையில் குன்றின்மேல் விளக்கு எரிவது அவர் காலத்து வாசகருக்கு விளக்க வேண்டாத காட்சி. தேவர் சமணர் என்பதையும் மறக்க வேண்டாம். சிவனின் அடிமுடி தேடிய கதைக்குச் சான்று சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை. அதனாலேயே இந்தச் சான்று எனக்கு மேலும் நம்பகமாகத் தோன்றுகிறது.

குன்றிற் என்பதில் உள்ள றகர ஒற்றைப் பற்றி ஒரு வார்த்தை. அது குன்றில் என்பதிலிருந்தும் வரலாம், குன்றின் என்பதிலிருந்தும் வரலாம். வல்லினம் தொடரும்போது லகரமும் னகரமும் றகரமாகத் திரிந்து ஒன்றாகிவிடும். குன்றில் என்றால் விளக்கு வைத்த இடம் மட்டுமே கிடைக்கிறது: ஏதோ ஒரு குன்று, அதன்மேல் விளக்கு. குன்றின் கார்த்திகை என்று பிரித்தால் குன்றுக்கு உரிய கார்த்திகை, அதாவது ஊர்க் கார்த்திகையிலிருந்து வேறான, குன்றுக்கென்றே அமைந்த ஒரு விழா கிடைக்கிறது. என் வாதத்துக்கு இரண்டாவதே இனிக்கும். ஆனால் விளக்கு இடுதல் என்ற வினை பக்கத்தில் வருவதால், எங்கே இட்டது என்ற கேள்விக்கு விடையாகும் முதல் பிரிப்பே இயல்பானது. இடத்தையே கொள்வோம். 10ஆம் நூற்றாண்டில் விளக்கு குன்றேறிவிட்டது. எந்தக் குன்று என்று தெரியவில்லை. ஒரு குன்றுதானா, ஊருக்கு ஊர் இருந்த குன்றுகளா என்பதும் தெரியவில்லை.

சிந்தாமணிக்கு உரை எழுதியவரும் நச்சினார்க்கினியரே. உ.வே.சாமிநாதையர் 1887இல் அதை அச்சேற்றியபோது அந்த உரையோடுதான் வெளியிட்டார். குன்றில் கார்த்திகை விளக்கு என்ற உவமையைக் கடந்து நடந்த அதே கண்தான் தொல்காப்பிய நூற்பாவிலும் விளக்கைக் கண்டது. எந்த உரையை முதலில் எழுதினார் என்பது இங்கே முக்கியமில்லை. இரண்டு இடத்திலும் அவர் மனத்தில் இருந்த கார்த்திகை ஒன்றாகத்தான் இருக்கும். மதுரைக்காரர் ஆகையால் அவர் கண்ட குன்று பரங்குன்றமாகவும் இருந்திருக்கலாம்.

இருந்தாலும் ஒரு சூழ்நிலைச் சான்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் காலம் என்று கொள்ளப்படும் அதே நூற்றாண்டின் முதற்பாதியில், போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் திருவண்ணாமலையைத் தலைநகராக்கிக்கொண்டு ஆண்டான். 1342இல் மதுரைச் சுல்தானோடு நடந்த போரை ஒட்டி இறந்தான். மகனில்லாத அவனுக்கு அண்ணாமலையாரே மகனாக நின்று திதி கொடுக்கிறார் என்று இன்றும் மாசி மகத்தில் பள்ளிகொண்டாப்பட்டில் சடங்கு நடக்கிறது. மலையடியில் ஒரு வேந்தன், கையில் வேல், எதிரே போர். மலைமேல் கார்த்திகைச் சுடர். அதைப் பார்த்து ஆக்கம் சொல்லும் அறிவோர். நச்சினார்க்கினியர் தீட்டும் காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான மேடை 14ஆம் நூற்றாண்டில் எங்கே இருந்தது? இது சான்றாகாது, பொருத்தம் மட்டுமே. வல்லாளன் சுடரைப் பார்த்து நிமித்தம் கேட்டான் என்று சொல்லும் கல்வெட்டு எதையும் நான் கண்டதில்லை. ஆனாலும் பரங்குன்றம் என்று சொல்பவரிடம் இதே கேள்வியைத் திருப்பிக் கேட்பேன்.

தேவாரத்தின் மௌனத்தைப் பற்றிப் பலரும் பேசியிருக்கிறார்கள். சம்பந்தர் அண்ணாமலைக்கு இரண்டு பதிகம் பாடியிருக்கிறார், அப்பரும் பாடியிருக்கிறார். அருவி முழவுபோல அதிர்வது முதல் மலையின் மழைக்காலம் அவற்றில் நன்றாகவே இருக்கிறது, தீபம் இல்லை. ஆகவே 7ஆம் நூற்றாண்டில் தீபம் இல்லை என்பர் சிலர். எனக்கு அவ்வளவு துணிவில்லை. அதே சம்பந்தர் மயிலாப்பூரில் பூம்பாவைக்குப் பாடியபோது ஓணம், கார்த்திகை, ஆதிரை, பூசம் என்று திருநாள்களை வரிசையாகச் சொல்கிறார். கார்த்திகை நாளைத் தொன்மையானது என்றும் இளம்பெண்கள் விளக்கிடும் நாள் என்றும் குறிக்கிறார். மயிலைப் பதிகத்தின் வேலையே திருநாளைச் சொல்வது. அண்ணாமலைப் பதிகங்களின் வேலை மலையைச் சொல்வது. மௌனத்திலிருந்து எடுக்கக்கூடியது ஒன்றுதான்: அண்ணாமலை என்றவுடன் தீபம் நினைவுக்கு வந்தே தீர வேண்டும் என்ற நிலை அப்போது இல்லை. மயிலையில் அவர் கண்டதும் பெண்கள் ஏற்றிய விளக்கு. அது நக்கீரரின் தெருவிளக்கோடு சேரும். ஒற்றைச் சுடரோடு சேராது.

கல்வெட்டுகளுக்கு வந்தால் வேறொரு சிக்கல். திருவண்ணாமலைக் கோயிலின் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் எட்டாம் தொகுதியில் அச்சாகியிருக்கின்றன. 1990இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பி.ஆர்.சீனிவாசனைக் கொண்டு தனி நூலாகவும் வெளியிட்டது. சோழர் காலக் கோயில்கள் எங்கும் விளக்கு விளக்காக எரிகிறது. ஆனால் அவை நந்தாவிளக்குகள். ஒரு விளக்குக்கு 96 ஆடு. நாளுக்கு ஓர் உழக்கு நெய். ஆடுகளைப் பொறுப்பேற்கும் மன்றாடி. சாவா மூவாப் பேராடு என்ற வாசகம். இந்தக் கணக்கில் நாள்தோறும் ஒரு சிறு சுடர் எரியும். மலையுச்சி நெருப்பு இந்தக் கணக்குக்குள் அடங்காது. இன்று 2,668 அடி உயரத்தில், ஏறத்தாழ ஆறடிக் கொப்பரையில், அண்மை ஆண்டுகளில் 4,500 கிலோ நெய்யும் 1,500 மீட்டர் காடாத் துணியும் கொண்டு ஏற்றுகிறார்கள். 11 நாள் எரிகிறது. இத்தனை நெய்யை ஒரே நாளுக்குச் சேர்ப்பதற்கு ஆட்டுமந்தை முறை உதவாது. வேறு விதமான கொடையும் வேறு விதமான ஆள்படையும் வேண்டும். அப்படியானால் நெய்யெரியும் கொப்பரை பிற்காலத்தது. அதற்கு முன் மலைமேல் எரிந்தது வேறு ஏதோ. வெண்கலக் கொப்பரை ஒன்று 1668இல் அளிக்கப்பட்டதாகச் சொல்வார்கள். செம்பும் இரும்பும் சேர்ந்த கொப்பரை 1991இல் வந்தது. கொப்பரையின் வரலாற்றை இவற்றுக்கு முன்னால் தள்ள எனக்குத் துணிவில்லை.

வேறு என்ன எரிந்திருக்கும் என்பதற்கு மலையடி ஊர்களைப் பார்க்க வேண்டும். கார்த்திகையன்று கோயில்களின் முன்னே பனைமரத்தை நட்டு, ஓலை சுற்றி, சொக்கப்பனை கொளுத்துகிறார்கள். காமிகாகமத்தின் உத்தர பாகத்தில் கிருத்திகா தீப விதி இருக்கிறது என்பதால் இதை ஆகமத்திலிருந்து இறங்கியதாகச் சொல்வார்கள். எனக்கு அது தலைகீழாகத் தோன்றுகிறது. பனங்காட்டுக்காரர்களின் நெருப்பு ஆகமத்துக்குள் ஏறியிருக்க வேண்டும். ஏனென்றால் அதே இரவில் அதே பனையிலிருந்து பிள்ளைகள் மாவளி சுற்றுகிறார்கள், அதற்கு எந்த விதியும் இல்லை. ஆண்பனையின் பூவைக் குழிதோண்டிப் போட்டு மூட்டம் போட்டுக் கரியாக்கி, இடித்து, துணியில் பொதிந்து, பிளந்த பனைமட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, கயிற்றில் தொங்கவிட்டு, ஒரு கங்கை வைத்துத் தலைக்குமேல் சுழற்றினால் பொறி வட்டம் வட்டமாகத் தெறிக்கும். மாவளியோ மாவளி என்று கத்திக்கொண்டே சுற்ற வேண்டும். கத்தாவிட்டால் பொறி பறக்காது என்பது பிள்ளைகளின் நம்பிக்கை. பனிநாட்டுப் பிள்ளைகளுக்குச் சறுக்குவண்டி எப்படியோ, தொண்டை நாட்டுப் பிள்ளைகளுக்கு மாவளி அப்படி. இப்போது வாங்கிய பட்டாசு அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. அண்மையில் சில இளைஞர்கள் மீண்டும் மாவளி செய்து விற்கிறார்கள் என்பது மகிழ்ச்சி.

நெடுநல்வாடையின் தொடக்கத்தில், வெள்ளத்துக்கு அஞ்சி மாடுகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டிச்சென்ற கோவலர்கள், கன்னம் நடுங்க நெருப்பைச் சூழ்ந்து கை காய்ச்சுகிறார்கள். கூதிரில் உயரமான இடத்தில் எரியும் கூட்டு நெருப்பு. இதிலிருந்து மலைத்தீபத்துக்கு நேர்க்கோடு இழுத்தால் நச்சினார்க்கினியரைக் குறைசொன்ன வாய்க்கு அழகில்லை. ஆனாலும் விளக்குக்கும் நெருப்புக்கும் இடையே உள்ள வேறுபாட்டை இந்தக் காட்சி நன்றாகக் காட்டுகிறது. விளக்கு வீட்டுக்கும் கோயிலுக்கும் உரியது. பெண்களும் குருக்களும் ஏற்றுவது. நெருப்பு வெளிக்கும் மேட்டுக்கும் உரியது; உழைப்பவர்கள் மூட்டுவது.

திருவண்ணாமலையில் மகாதீபம் ஏற்றும் உரிமை யாருடையது என்பதை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அது குருக்கள் கையில் இல்லை. பருவதராச குலத்தார் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் செம்படவர்கள், மீன்பிடித் தொழில் மரபினர், கொப்பரையையும் நெய்யையும் துணியையும் தோளில் சுமந்து மலையேறி ஏற்றுகிறார்கள். கோயிலின் மற்ற எந்தப் பெரிய சடங்கிலும் காணாத ஏற்பாடு இது. மேலிருந்து வகுக்கப்பட்ட சடங்காக இருந்திருந்தால் உச்சக் கணத்தை இப்படி வெளியில் கொடுத்திருப்பார்களா? கோயில் வருமுன்பே நெருப்பு மலையேறியிருக்க வேண்டும். ஏற்றியவர்களின் உரிமையைக் கோயில் பின்னால் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு மண் இறங்கி ஏழு உயிர்கள் போயின. 13ஆம் தேதி தீபம். பக்தர்கள் மலையேறத் தடை. சுமப்பவர்களும் ஏற்றுபவர்களும் மட்டும் போனார்கள், தீபம் எரிந்தது. பக்தர் கூட்டம் இல்லாமலும் அந்த நெருப்பு நடக்கும், சுமக்கும் தோள்கள் இல்லாமல் நடக்காது என்று அந்த ஆண்டு தெரிந்தது.

தீபத்தோடு குளிர்காலம் முடிவதில்லை. மார்கழியில் திருவெம்பாவை, மாணிக்கவாசகர் அதை இவ்வூரில் பாடினார் என்பது மரபு.    தை இரண்டாம் நாள் திருவூடல் தெருவில் அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலையம்மைக்கும் ஊடல் நடக்கும். இவற்றின் வரலாறு தனிக்கட்டுரைக்கு உரியது. இங்கே வேண்டியது இந்த வரிசையில் தீபத்துக்கு உள்ள இடம் மட்டுமே.

அந்த இடம்தான் என் வாதத்துக்கு இடைஞ்சல் செய்கிறது என்பதையும் எழுதிவிட வேண்டும். மலைநெருப்பு கோயில் விளக்கிலிருந்து வேறான ஊற்றுடையது என்று சொல்லிவந்தேன். ஆனால் இன்றைய நடைமுறையில் விடியற்காலை நான்கு மணிக்குக் கருவறையில் ஏற்றும் பரணி தீபத்தின் நெருப்புதான் மலைக்குப் போகிறது. மாலை ஆறு மணிக்கு அர்த்தநாரீசுவரர் வெளியே வந்து சில நிமிடங்கள் ஆடும்போதுதான் உச்சியில் கொழுந்து எழுகிறது. 11 நாள் கழிந்து கொப்பரை இறங்கியபின் அதன் கரி மையாகிறது. அந்த மை உடனே யாருக்கும் கொடுக்கப்படுவதில்லை. மார்கழித் திருவாதிரை வரை காத்திருந்து, ஆருத்ரா தரிசனத்தில் நடராசருக்கு இட்ட பிறகே மக்களுக்கு வருகிறது. நெருப்பு கருவறையில் பிறந்து, மலையில் எரிந்து, மறுபடியும் கோயிலுக்குள் மையாகத் திரும்புகிறது. இந்தக் கட்டு எப்போது போடப்பட்டது? விசயநகரக் காலத்தில் கோயில் பெருகியபோதா, கொப்பரை வந்தபோதா, அதற்கும் பின்பா? பின்னால் போட்ட கட்டு என்று நான் நினைக்கிறேன்; நினைப்பதற்குமேல் என்னிடம் ஒன்றும் இல்லை. நச்சினார்க்கினியர் சுடரின் நான்கு பக்கத்தையும் பார்க்கச் சொன்னார். மையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் போய்விட்டார்.